மின்விளையாட்டுப் போட்டியும் இணையத் தாக்குதலும்



தோட்டங்களில் ஒரு காலத்தில் போட்டி விளையாட்டு என்றால் காற்பந்து, சடுகுடு, கயிறு இழுத்தல் என்றுதான் பொருள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் திடலைச் சுற்றி ஆணும் பெண்ணும் கூடுவார்கள். நடுவர் ஊதலை ஊதினால் ஆட்டம் தொடங்கும். இன்று அந்தத் திடலோடு இன்னொரு திடலும் வந்து சேர்ந்திருக்கிறது. அது கைப்பேசியின் கண்ணாடிக்குள் இருக்கிறது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் என்று அணி பிரித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே நம் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். இதற்கு மின்விளையாட்டு என்று பெயர்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஆனால் நம் நாட்டு இளைஞர்கள் இதில் உலக அரங்குவரை சென்றிருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஓரஞ்ச் அணி மூன்றாம் இடம் பெற்றது. 2024-ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி வாகை சூடியது. அதே ஆண்டின் இறுதியில் மொபைல் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியே கோலாலம்பூரில் நடந்தது. எந்த விளையாட்டையும் அளவோடு விளையாட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதைப்பற்றி வேறொரு நாள் பேசலாம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது, இந்தப் போட்டிகளை வெளியிலிருந்து கெடுக்கும் ஒரு தீமையைப் பற்றியும் அதிலிருந்து அவற்றைக் காக்கும் வழியைப் பற்றியும்.

காற்பந்து ஆட்டத்தில் தன் அணி தோற்கப்போகிறது என்று கண்ட ஒருவன், திடலுக்குள் மாட்டு மந்தையை ஓட்டிவிட்டால் என்ன ஆகும்? ஆட்டம் நின்றுபோகும். திறமை காட்டியவனுக்கும் காட்டாதவனுக்கும் வேற்றுமை இல்லாமல் போகும். மின்விளையாட்டிலும் இப்படி மாட்டை ஓட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதை 'டிடாஸ்' தாக்குதல் என்று கணினித் துறையினர் சொல்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இணையத்தில் விளையாடும்போது ஆட்டம் நம் கைப்பேசியில் மட்டும் நடப்பதில்லை. தொலைவில் எங்கோ இருக்கும் ஒரு தலைமைக் கணினியில் நடக்கிறது. பிள்ளைகள் அதைச் 'செர்வர்' என்பார்கள். பத்து ஆட்டக்காரர்களும் தாங்கள் செய்வதை அந்தச் செர்வருக்குச் சிறு சிறு செய்திகளாக அனுப்புகிறார்கள். செர்வர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இப்போது களத்தின் நிலை இது என்று அனைவருக்கும் திருப்பிச் சொல்கிறது. ஒரு வினாடிக்குள் முப்பது தடவை, அறுபது தடவை என்று இந்தப் போக்குவரத்து நடக்கிறது. ஆகவே, ஒரு செய்தி அரை வினாடி பிந்தி வந்தால்கூட அது பயனற்றது. அதற்குள் களத்தின் நிலை மாறியிருக்கும்.

பால்மரக் காட்டில் வேலை செய்த நம் பெரியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. காலையில் மரம் வெட்டி, வாளியில் பாலைச் சேர்த்து, நேரத்தோடு ஸ்டோருக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே கிராணியார் நிறுத்துக் கணக்கில் எழுதுவார். நேரம் கடந்தால் பால் கட்டிவிடும். கட்டிப்பாலுக்கு அந்த விலை கிடையாது.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். ஸ்டோருக்கு முன்னால் திடீரென்று ஆயிரம் அந்நியர்கள் வெறும் வாளியுடன் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவனும் நிறுவைத் தட்டில் வெறும் வாளியை வைத்து, "ஐயா, நிறுத்துச் சொல்லுங்கள்" என்கிறான். கிராணியார் என்ன செய்வார்? வந்தவனுக்குப் பதில் சொல்லியே அவர் பொழுது போய்விடும். உண்மையாகப் பாடுபட்டுப் பால் கொண்டு வந்த தொழிலாளி வரிசையின் கடைசியில் நிற்பான். அவன் வாளியில் இருக்கும் பால் கட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டோரில் யாரும் திருடவில்லை, பூட்டை உடைக்கவில்லை, தராசைக் கெடுக்கவும் இல்லை. ஆனாலும் அன்றைய வேலை பாழாகிவிட்டது.

டிடாஸ் தாக்குதல் இதுதான். செர்வருக்கோ, ஓர் ஆட்டக்காரரின் வீட்டு இணைப்புக்கோ அளவுக்கு மீறிப் பொய்ச் செய்திகளை அனுப்பி வழியை அடைத்துவிடுவது. வழி அடைபட்டதும், உண்மையான ஆட்டக்காரரின் செய்தி உள்ளே போக முடிவதில்லை. திரையில் அவருடைய வீரன் சிலைபோல் நிற்கிறான். எதிரி வந்து அடித்துவிட்டுப் போகிறான்.

சரி, வெறும் வாளி ஏந்திய அந்த ஆயிரம் அந்நியர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? நேயர்களே, இன்றைய பேச்சின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். அவர்கள் வேறெங்கிருந்தும் வரவில்லை. நம்மைப் போன்றவர்களின் வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள்.

2016-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள் 'மிராய்' என்ற தீய நிரல் ஒன்றை எழுதினார்கள். மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டுக்கு வாடகைச் செர்வர் நடத்துபவர்களிடையே அப்போது பெரும் போட்டி இருந்தது. ஒருவருடைய செர்வரை அடைத்துவிட்டால் அங்கே விளையாடுகிறவர்கள் மற்றவரிடம் போவார்கள், பணமும் அங்கே போகும். இந்தச் சில்லறைப் போட்டியிலிருந்துதான் மிராய் பிறந்தது. அது உலகம் முழுவதும் இணையத்தில் இணைந்திருக்கும் கண்காணிப்புக் கேமராக்களையும், படம் பதியும் கருவிகளையும், வைஃபை பெட்டிகளையும் தேடிச் சென்றது. கடையிலிருந்து வாங்கி வந்தபோது தொழிற்சாலை வைத்துக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமலே பலர் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மிராய் தன்னிடம் வைத்திருந்தது அத்தகைய கடவுச்சொற்கள் ஏறத்தாழ அறுபதுதான். அந்த அறுபது சாவிகளைக் கொண்டு அது உச்ச நிலையில் சுமார் 6 இலட்சம் கருவிகளைத் தன் வசமாக்கிக்கொண்டது.

வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. கேமரா வழக்கம்போல் வாசலைப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தலைவன் கட்டளையிட்டதும், அதே கேமரா முன்பின் அறியாத ஒருவர்மேல் பொய்ச் செய்திகளை வாரி இறைத்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வோமே, இதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், மிராய் வகைப் படை ஒன்று டின் என்ற இணைய முகவரி நிறுவனத்தைத் தாக்கியது. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய பெரிய சேவைகளே அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. விளையாட்டுப் போட்டியில் மூட்டிய நெருப்பு ஊரையே எரித்த கதை இது.

போட்டிகளுக்கு இதனால் நேர்ந்த துன்பத்துக்கு மூன்று சான்றுகள் சொல்லுவோம்.

2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சியாட்டில் நகரில் டோட்டா 2 உலகப் போட்டி நடந்தது. மொத்தப் பரிசு 18 மில்லியன் டாலருக்கும் மேல். ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் அவர்களுடைய ஆட்டம் வெளி இணையத்தை நம்பி இருந்ததால், தாக்குதல் வந்ததும் போட்டி மணிக்கணக்கில் நின்றுபோனது.

2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே மலைமேல் இருக்கும் அண்டோரா என்ற சின்னஞ்சிறு நாடு தாக்கப்பட்டது. ஒரு இலட்சம் டாலர் பரிசுக்கு நடந்த மைன்கிராஃப்ட் போட்டி ஒன்றில் அந்நாட்டிலிருந்து சிலர் கலந்துகொண்டிருந்தார்கள். அந்த நாட்டுக்கு இணையம் வழங்கும் நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். அந்த நிறுவனத்தைத் தாக்கியதும் ஆட்டக்காரர்கள் போட்டியிலிருந்து விழுந்தார்கள். அவர்களோடு அந்த நாட்டு மக்களும் இணையம் இல்லாமல் தவித்தார்கள். ஒரு சிலரை ஆட்டத்திலிருந்து அகற்ற ஒரு நாட்டின் வழியையே அடைத்துவிட்டார்கள் என்றால், இந்த ஆயுதத்தின் கண்மூடித்தனம் நமக்கு விளங்கும்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தென்கொரியாவின் சோல் நகரில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டின் தேசியப் போட்டி இதே போல் தாக்கப்பட்டது. பிப்ரவரி 25-ஆம் நாள் நடந்த ஆட்டம் பலமுறை இடையில் நின்றது. பிறகு சில நாள்கள் பார்வையாளர் இல்லாமல், நேரடி ஒளிபரப்பும் இல்லாமல், ஆட்டங்களை முன்கூட்டியே பதிவு செய்து காட்ட வேண்டியதாயிற்று. புகழ்பெற்ற டி1 அணியின் ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்யக்கூட வழியில்லாமல் அவதிப்பட்டார்கள்.

இனி, காக்கும் வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, வெளியார் வரும் பாதையையே இல்லாமல் செய்வது. சோல் நகரில் அதைத்தான் செய்தார்கள். அரங்குக்குள் மட்டும் இயங்கும் தனிச் செர்வரை அமைத்தார்கள். ஆட்டக்காரர்களின் கணினிகளும் அந்தச் செர்வரும் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வெளி இணையத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அதன் பிறகு மார்ச் மாதத்தில் நேரடிப் போட்டி மீண்டும் தொடங்கியது. ஸ்டோரைத் தோட்டத்து வேலிக்குள் கொண்டு வந்து, வேலிக்கு வெளியே கதவே வைக்காததைப் போன்றது இது.

இரண்டாவது வழி, முகவரியை மறைப்பது. இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி உண்டு. அது தெரிந்தால்தான் தாக்க முடியும். முன்பு ஸ்கைப் வழியாகப் பேசிய ஆட்டக்காரர்களின் முகவரியை எளிதில் கண்டுபிடித்து அவர்கள் வீட்டையே தாக்கினார்கள். இன்று பெரிய விளையாட்டு நிறுவனங்கள் இடையில் நடுவர் கணினிகளை வைக்கின்றன. ஆட்டக்காரர் அந்த இடைக்கணினியோடு மட்டுமே பேசுவார். எதிரணிக்கு அவருடைய முகவரி தெரியாது.

மூன்றாவது வழி, வடிகட்டுவது. பாலைத் தொட்டியில் ஊற்றும்போது சருகும் குப்பையும் வடிகட்டியில் தங்கிவிடும் அல்லவா? அதுபோல இணையத்திலும் பெரிய வடிகட்டி நிலையங்கள் இருக்கின்றன. வரும் செய்திகளை உலகின் பல நகரங்களில் பிரித்து வாங்கி, பொய்யை நிறுத்தி, மெய்யை மட்டும் அனுப்புகின்றன. ஆனால் தாக்குதலின் அளவும் வளர்ந்துகொண்டே வருகிறது. 2016-இல் மிராய் நடத்திய ஒரு தாக்குதல் வினாடிக்கு 620 கிகாபிட் என்று கணக்கிட்டபோது உலகம் வியந்தது. 2025-இல் பதிவான தாக்குதல்கள் 20 டெராபிட்டைத் தாண்டிவிட்டன. அதாவது முப்பது மடங்குக்கும் மேல். ஆகவே வடிகட்டியை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நான்காவது வழி, விதியை முன்கூட்டியே எழுதி வைப்பது. இணைப்பு அறுந்தால் ஆட்டத்தை யார் நிறுத்துவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது, எந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவது என்பவை போட்டிக்கு முன்பே இரு அணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் தாக்கியவனுக்கு வெற்றி கிடைக்காது. வெற்றி கிடைக்காது என்று தெரிந்தால் தாக்கும் ஆசையும் குறையும்.

நம் தோட்டங்களிலும் பக்கத்துத் தாமான்களிலும் இளைஞர் மன்றங்கள் இப்போது கைப்பேசிப் போட்டிகளை நடத்துகின்றன. கைப்பேசி விளையாட்டின் செர்வர் அதை நடத்தும் நிறுவனத்திடம் இருப்பதால், மண்டபத்துக்குள் தனிச் செர்வர் வைப்பது நம்மால் ஆகாது. ஆனால் நம்மால் ஆகக்கூடியவையும் உண்டு. ஆட்டக்காரர்களுக்குத் தனி வைஃபை இருக்கட்டும். அதன் கடவுச்சொல்லைப் பார்வையாளருக்குக் கொடுக்க வேண்டாம். ஓர் இணைப்பு நின்றால் கைகொடுக்க, வேறு நிறுவனத்தின் சிம் அட்டையில் இரண்டாவது இணைப்பு ஒன்று தயாராக இருக்கட்டும். நிறுத்தல் விதியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதற்குப் பெரும் செலவு ஒன்றுமில்லை.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன? வைஃபை பெட்டியிலும் கேமராவிலும் தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். எப்படி மாற்றுவது என்று தெரியாவிட்டால், படித்த பிள்ளையிடம் கேளுங்கள். அப்பாவுக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கருவியின் நிரலைப் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தால், அந்தக் கருவியின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று புதுப்பியுங்கள். பழுதான, தயாரித்தவரே கைவிட்ட பழைய கேமராவை இணையத்தில் மாட்டி வைக்காதீர்கள். நம் வீட்டுக் கதவு திறந்து கிடந்தால், யாரோ ஒருவருடைய பிள்ளை தோற்பதற்கு நம் வீட்டுக் கருவி காரணமாகிவிடும்.

நம் பிள்ளையே தாக்கப்பட்டால், நேரத்தைக் குறித்து வைத்து இணைய நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பெட்டியை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் பல வேளைகளில் புதிய முகவரி கிடைக்கும். மிரட்டலோ பணம் கேட்பதோ வந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

கடைசியாக, தாய்மார்களும் தந்தைமார்களும் கூர்ந்து கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

இந்தத் தாக்குதலைச் செய்யப் பெரிய கணினிப் புலமை வேண்டியதில்லை. வாடகைக்குத் தாக்கிக் கொடுக்கும் கூட்டங்கள் இணையத்தில் இருக்கின்றன. 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பியக் காவல்துறையினர் மூடிய வெப்ஸ்ட்ரெஸர் என்ற நிலையத்தில் மாதச் சந்தா 15 யூரோ அளவிலேயே தொடங்கியது. ஒரு சட்டைத் துணியின் விலை. அங்கே பதிவு செய்திருந்தவர்கள் 1,36,000 பேர். தோற்ற கோபத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு, 'ஒரு பொத்தானை அழுத்தினால் அவனை வெளியே தள்ளலாம்' என்ற ஆசை வருவது இயற்கைதான். 'கண்ணாடித் திரைக்குப் பின்னால் இருக்கிறோம், யாருக்குத் தெரியப்போகிறது' என்றும் தோன்றும். ஆனால் அந்த நிலையம் பிடிபட்டபோது அதன் கணக்குப் புத்தகமும் பிடிபட்டது. நடத்தியவர்களைத் தேடிய காவல்துறை, பணம் கொடுத்துத் தாக்கச் சொன்னவர்களையும் தேடியது.

மிராயை எழுதிய மூவரும் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்ற செய்தி வெளியாயிற்று. காவல்துறைக்குப் பெரிதும் உதவியதால் சிறையிலிருந்து தப்பினார்கள். ஆனாலும் 5 ஆண்டு கண்காணிப்பும் 2,500 மணி நேரப் பொதுச்சேவையும் விதிக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தையும் தாக்கியிருந்ததால், அந்த வழக்கில் 8.6 மில்லியன் டாலர் ஈடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. விளையாட்டு நிறுவனங்களைத் தாக்கிய வேறோர் அமெரிக்க இளைஞருக்கு 2019-இல் 27 மாதச் சிறை கிடைத்தது. நம் நாட்டிலும் 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், ஒரு கணினியின் இயல்பான இயக்கத்தைக் கெடுப்பதற்கு ஒரு இலட்சம் வெள்ளி வரை அபராதமோ, ஏழு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று வகுத்தது.

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை கணினியில் கெட்டிக்காரனாக இருப்பது பெரிய செல்வம். தாக்குதலை எப்படிச் செய்கிறார்கள் என்று அறிந்தவன், அதை எப்படித் தடுப்பது என்றும் கற்றுக்கொள்ளலாம். வங்கிகளும் மருத்துவமனைகளும் அரசாங்கமும் தங்கள் இணையத்தைக் காக்க ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கதவு அவனுக்குத் திறந்திருக்க வேண்டுமானால், ஒரு நாள் கோபத்தில் குற்றப் பதிவு ஏறாமல் அவன் தப்ப வேண்டும். ஆகவே பிள்ளை கைப்பேசியும் கையுமாக இருக்கும்போது வெறுமனே அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். "என்ன ஆட்டம் இது? தோற்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவன் சொல்லும் பதிலில் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

திடலில் தோற்றவன் வென்றவனிடம் சென்று கைகொடுப்பதை நம் முன்னோர் தோட்டத்துத் திடல்களில் பார்த்திருக்கிறார்கள். திடல் கண்ணாடிக்குள் போய்விட்டாலும் அந்தப் பண்பு வெளியே நின்றுவிடக் கூடாது.